தண்ணீர் கொண்டுவராத பாக்டீரியா

"வறட்சியைத் தாங்க வைக்கும் நுண்ணுயிர்" என்று ஒரு பாட்டிலில் எழுதியிருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒரு பாக்டீரியாவின் நீளம் ஒன்றிரண்டு மைக்ரான். அது ஆழத்திலிருந்து தண்ணீர் இறைத்து வந்து செடிக்கு ஊற்றப்போவதில்லை. அப்போ அந்த வாசகம் பொய்யா? பொய் இல்லை. ஆனால் நாம் வாங்கும்போது மனதில் வைத்திருக்கிற அர்த்தத்தில் அது உண்மையும் இல்லை. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2004-ல் வந்த ஒரு ஆய்விலிருந்து தொடங்கலாம். இஸ்ரேலின் தெற்கே அராவா என்று ஒரு வறண்ட பள்ளத்தாக்கு. அங்கே காய்ந்து கிடக்கிற ஆற்றுப்படுகை மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா ஒன்று, பெயர் அக்ரோமோபாக்டர் பீச்சாடி, வகை எண் ஏஆர்வி8. ஷிமோன் மாயக், சிபோரா டிரோஷ், பெர்னார்ட் கிளிக் மூவரும் அதைத் தக்காளி, மிளகாய் நாற்றுகளுக்குக் கொடுத்துவிட்டு, சில நாள் தண்ணீரை நிறுத்திப் பார்த்தார்கள். பாக்டீரியா கொடுத்த செடியும் கொடுக்காத செடியும் ஒரே மாதிரிதான் நீரை இழந்தன. இலையில் இருந்த ஈரப்பதம் இரண்டிலும் ஒன்றுபோலவே குறைந்தது. அந்தக் கட்டத்தில் யாராவது வந்து பார்த்திருந்தால் "இது வேலைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

வித்தியாசம் தெரிந்தது மறுபடி தண்ணீர் விட்ட பிறகு. பாக்டீரியா இருந்த செடிகள் எழுந்து வளர்ந்தன. இல்லாதவை தேறுவதற்கே திணறின. காய்ச்சலைத் தடுக்கவில்லை, காய்ச்சலுக்குப் பிறகு படுத்தே கிடக்காமல் பார்த்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியா இருந்த செடிகளில் எத்திலீன் குறைவாக இருந்தது. அதில்தான் விஷயம் இருக்கிறது.

எத்திலீன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பழம். வாழைத்தாரை மூட்டம் போடுகிறோமே, அந்தப் புகையில் இருக்கிற எத்திலீன்தான் காயைப் பழுக்க வைக்கிறது. இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், அவ்வளவு சின்ன வாயு. அது செடிக்குள் ஹார்மோனாக வேலை செய்கிறது என்பதற்கான முதல் தடயம் கிடைத்தது பட்டாணியில். 1901-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் டிமிட்ரி நெல்யூபோவ் என்ற மாணவர், ஆய்வகத்தில் இருட்டில் வளர்த்த பட்டாணி முளைகள் குட்டையாக, தடித்து, பக்கவாட்டில் வளைந்து போவதைக் கவனித்தார். வெளிக்காற்றில் வைத்தால் நேராக வளர்ந்தன. விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயு ஆய்வகக் காற்றில் கலந்திருந்தது; அதிலிருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்.

பழுக்க வைப்பது எத்திலீனின் ஒரு முகம். இன்னொரு முகம், ஆபத்து வந்தால் செடிக்குள் அடிக்கிற மணி. வறட்சி, உப்பு, வெள்ளம், வெட்டுக்காயம், பூச்சிக்கடி எது வந்தாலும் செடி எத்திலீன் தயாரிக்கும். முதலில் ஒரு சின்ன எழுச்சி. இது நல்லது, பாதுகாப்பு மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. நெருக்கடி தொடர்ந்தால் அடுத்து ஒரு பெரிய எழுச்சி வரும். அதுதான் வினை. வேர் வளர்ச்சி நிற்கும், இலை மஞ்சளாகும், பூவும் பிஞ்சும் உதிரும். செடியின் கணக்கில் இது முட்டாள்தனம் இல்லை. பாதி இலையை உதிர்த்துவிட்டு, இருக்கிற சத்தை வைத்து நாலு விதையாவது முற்ற வைத்துவிட்டுச் சாகலாம் என்று காட்டுச் செடி ஒன்று "நினைத்தால்" அதில் நியாயம் உண்டு. ஆனால் நமக்கு நாலு விதை போதாது. பத்து நாள் கழித்து மழை வரப்போகிறது என்பது செடிக்குத் தெரியாது. அதுக்குள்ள கடையைக் கட்டிவிடுகிறது.

இந்த எத்திலீனைச் செடி எப்படிச் செய்கிறது? மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, இரண்டு படி தாண்டி ஏசிசி என்ற மூலக்கூறு உருவாகிறது. (முழுப் பெயர் அமினோசைக்ளோபுரோப்பேன் கார்பாக்சிலிக் அமிலம். ஒரு முறை சொன்னால் போதும்.) ஏசிசி-யை ஆக்சிஜனோடு சேர்த்து எத்திலீன் ஆக்குவது கடைசிப் படி. ஆக, ஏசிசி என்பது எத்திலீனுக்கான கச்சாப் பொருள். இந்த ஏசிசி-யை உடைத்துத் தின்கிற நொதி ஒன்று சில மண் பாக்டீரியாக்களிடம் உண்டு. ஏசிசி டிஅமினேஸ் என்று பெயர். 1978-ல் ஜப்பானில் ஹோன்மா, ஷிமோமுரா இருவரும் ஒரு சூடோமோனாஸ் வகையில் இதைக் கண்டார்கள். ஏசிசி உடைந்தால் அம்மோனியாவும் ஆல்ஃபா-கீட்டோபியூட்டிரேட்டும் கிடைக்கும். பாக்டீரியாவுக்கு அம்மோனியா நைட்ரஜன் சாப்பாடு. செடிக்கு உதவ வேண்டும் என்ற பெரிய மனசெல்லாம் இல்லை, பசி.

இதை வைத்து கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கிளிக்கும் அவரோடு இருந்தவர்களும் 1998-ல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். வேர் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கிற ஒன்று. சர்க்கரை, கரிம அமிலங்கள், அமினோ அமிலங்கள் எல்லாம் வெளியே வரும். இலை உழைத்துச் சேர்த்த கார்பனில் கணிசமான ஒரு பங்கு இப்படி மண்ணுக்குப் போகிறது. அதனால்தான் வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில் நுண்ணுயிர்க் கூட்டம் அலைமோதும். இதற்கு 1904-லேயே ஜெர்மனியின் லோரென்ஸ் ஹில்ட்னர் ரைசோஸ்பியர் என்று பெயர் வைத்துவிட்டார். வேர் கசியும் பொருட்களில் டிரிப்டோஃபேன் ஒன்று. பாக்டீரியா அதை எடுத்து ஐஏஏ என்ற ஆக்சின் ஹார்மோனாக மாற்றுகிறது. அந்த ஆக்சின் திரும்ப வேருக்குள் போய் வேரை வளரச் சொல்கிறது. ஆனால் ஆக்சின் அதிகமானால் செடி ஏசிசி-யையும் கூடுதலாகச் செய்யும். ஏசிசி எத்திலீனாகி அதே வேர் வளர்ச்சிக்கு பிரேக் போடும். ஒரு காலில் ஆக்சிலரேட்டர், இன்னொரு காலில் பிரேக். ஏசிசி-யைத் தின்கிற பாக்டீரியா அந்த பிரேக்கைத் தளர்த்துகிறது. வேருக்கு வெளியே ஏசிசி குறையக் குறைய, உள்ளே இருப்பது இன்னும் கசிந்து வெளியே வரும். உறிஞ்சு குழாய் மாதிரி. இதில் முதல் சின்ன எழுச்சி பெரிய பாதிப்பில்லாமல் நடந்துவிடும், ஏனென்றால் பாக்டீரியா இந்த நொதியைப் போதுமான அளவு தயார் செய்ய நேரம் பிடிக்கும். அடிபடுவது பின்னால் வருகிற பெரிய எழுச்சிதான். யாரும் திட்டமிட்டதில்லை என்றாலும், சரியான இடத்தில் சரியான தாமதம்.

வறட்சிக்கு நேர் எதிரான வெள்ளத்திலும் இதே கதைதான் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. தக்காளி வயலில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேங்கினால் இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்து தொங்கும். பார்ப்பவர்கள் "வாடிப்போச்சு" என்பார்கள். தண்ணீரில் நிற்கிற செடி ஏன் வாட வேண்டும்? அது வாடல் இல்லை. நீர் நிறைந்த மண்ணில் ஆக்சிஜன் இல்லை. வேர் ஏசிசி-யைச் செய்துவிடுகிறது, ஆனால் கடைசிப் படிக்கு ஆக்சிஜன் வேண்டுமே, அது நடக்காது. தேங்கிய ஏசிசி நீர்க்குழாய் வழியாக மேலே இலைக்குப் போகிறது. அங்கே ஆக்சிஜன் தாராளம். எத்திலீன் உருவாகிறது. இலைக்காம்பின் மேல்பக்கச் செல்கள் கீழ்ப்பக்கத்தைவிட வேகமாக நீள, காம்பு கீழே வளைகிறது. விறைப்பாகவே இருந்துகொண்டு வளைகிறது. தொட்டுப் பார்த்தால் தெரியும். ஏசிசி டிஅமினேஸ் உள்ள பாக்டீரியாக்களை வைத்துச் செய்த தக்காளிச் சோதனைகளில் வெள்ளத்தின் இந்தப் பாதிப்பு குறைந்தது. உப்புக்கும் இதே வழியில் பலன் கிடைத்திருக்கிறது. உப்பு மண்ணில் இன்னொரு உதவியும் சேரும்: சில பாக்டீரியாக்கள் சுரக்கிற பிசுபிசுப்பான பாலிசாக்கரைடு சோடியத்தைக் கொஞ்சம் கட்டிப்போடும், வேரைச் சுற்றி மண்ணை ஒட்ட வைத்து ஈரத்தையும் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

சரி, தண்ணீரையே கொண்டுவருகிற நுண்ணுயிர் எதுவும் இல்லையா? கிட்டத்தட்ட அப்படிச் சொல்லக்கூடியது வேர்ப் பூசணம். நம்மூரில் வேம் என்று விற்கிறார்கள். வேருக்குள் பாதி, மண்ணில் பாதி என்று வாழ்கிற பூசணம் இது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டு பழைய செடிப் புதைபடிவங்களிலேயே இந்தக் கூட்டு தெரிகிறது. அந்தச் செடிகளுக்கு உண்மையான வேர்கூடக் கிடையாது. வேருக்கு முன்பே பூசணம் வந்துவிட்டது!

இதன் முக்கிய வேலை தண்ணீர் இல்லை, மணிச்சத்து. பாஸ்பேட் மண்ணில் நகரவே நகராது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருப்பதை எடுத்து முடித்ததும் அங்கே ஒரு காலி வளையம் உருவாகிவிடும். பூசண இழை அந்த வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் போகும். வேர்த்தூவியைவிட மெல்லியது, அதனால் வேர்த்தூவி நுழையாத மண் இடுக்கிலும் நுழையும். மண் காயும்போது பாஸ்பேட்டின் நகர்வு இன்னும் மோசமாகிறது. ஆகவே வறட்சியில் இந்த உதவியின் மதிப்பு கூடுகிறது. வறட்சியில் செடி தாகத்தால் மட்டும் கஷ்டப்படுவதில்லை, பசியாலும்தான். இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஆனால் வேம் எல்லாப் பயிருக்கும் ஆகாது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு இந்தக் குடும்பம் இந்தப் பூசணத்தோடு கூட்டு வைப்பதில்லை. காலிஃபிளவருக்கு வேம் வாங்கிப் போட்டால் காசு மண்ணுக்குத்தான். அதேபோல டிஏபி-யைத் தாராளமாகப் போட்ட வயலில் செடியே பூசணத்தை ஒதுக்கிவிடும். மணிச்சத்து வாசலில் கிடக்கும்போது பூசணத்துக்கு ஏன் சர்க்கரை கொடுக்க வேண்டும்? டிஏபி-யும் வேமும் சேர்த்துப் பரிந்துரைக்கிற பட்டியல்களைப் பார்க்கும்போது, எழுதியவர் இரண்டையும் தனித்தனி மருந்தாக நினைத்திருக்கிறார் என்றுதான் தோன்றும்.

இங்கே ஒரு கிளைக்கதை. மணிச்சத்துக்கு ஏங்கும் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசிந்து பூசணத்தைக் கூப்பிடுகிறது. இது பூசணத்துக்கான அழைப்பு என்று தெரிந்தது 2005-ல்தான். ஆனால் அந்தக் குடும்பத்துப் பொருள் ஒன்று 1966-லேயே பருத்தி வேர்க்கசிவிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது, வேறொரு காரணத்துக்காக: ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களையின் விதையை அது முளைக்க வைத்தது. சோளத்திலும் கரும்பிலும் வருகிற நம்ம சுடுமல்லிதான் அது. நண்பனைக் கூப்பிடுகிற குரலைத் திருடன் ஒட்டுக்கேட்டு வந்துவிடுகிறான். சத்துக் குறைந்த நிலத்தில் சுடுமல்லித் தொல்லை அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அசோஸ்பைரில்லம் பற்றியும் ஒரு வார்த்தை. 1970-களில் பிரேசிலில் ஜோஹானா டோபரைனர் புல்வகைப் பயிர்களின் வேரில் இது இருப்பதைக் காட்டியபோது, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து நெல்லுக்கும் சோளத்துக்கும் கொடுக்கும் என்று பெரிய நம்பிக்கை பிறந்தது. இன்றும் பாக்கெட்டில் தழைச்சத்து என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் நைட்ரஜன் பிடிக்கும் திறனை இழந்த அசோஸ்பைரில்லம் வகைகளும் வேரை வளர வைத்தன. ஆக்சின் உற்பத்தி குறைந்த வகைகளில்தான் அந்தப் பலன் குறைந்தது. ஆகவே இதன் பலனில் பெரும் பங்கு, வேரைப் பரப்பிக் கொடுப்பது. யூரியாவுக்கு மாற்று என்று நினைத்து யூரியாவை முழுசாக நிறுத்தினால் ஏமாற்றம்தான். பரந்த வேர் இருக்கிற உரத்தையும் ஈரத்தையும் நன்றாக எடுக்கும் என்று நினைத்தால் கணக்கு சரியாக வரும்.

இனி பாக்கெட்டின் கணக்கு. இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தூள் வடிவ ரைசோபியம், அசோஸ்பைரில்லம் போன்றவற்றில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிர்ச்செல்கள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 200 கிராம் பாக்கெட் மூன்று, அதாவது 600 கிராம் என்று வைத்தால் 3,000 கோடி செல்கள். பெரிய எண்தான். ஒரு ஹெக்டேரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 2,000 டன், அதாவது 200 கோடி கிராம். கிராமுக்கு 10 கோடி பாக்டீரியா என்று குறைத்தே மதிப்பிட்டாலும், ஏற்கெனவே அங்கே குடியிருப்பவை 2,000 கோடி கோடி. நாம் போடுவது சுமார் 66 லட்சம் பேருக்கு ஒருவர். அந்த 66 லட்சமும் அந்த மண்ணின் சூடு, பசி, சண்டை எல்லாவற்றுக்கும் பழகியவை. வந்தவர் வாழ்வாரா?

அதனால்தான் விதை நேர்த்தி. அதே 600 கிராமை நிலக்கடலை விதையில் பூசினால் கதை வேறு. ஹெக்டேருக்கு 125 கிலோ பருப்பு, ஒன்று 0.4 கிராம் என்றால் சுமார் 3 லட்சம் விதை. விதைக்கு ஒரு லட்சம் செல்கள். முளைவேர் வெளியே வரும் நொடியில் பக்கத்தில் இருப்பவை அவைதான். பந்தியில் முதலில் உட்காருவது மாதிரி. மண்ணில் தூவுவதும் விதையில் பூசுவதும் ஒரே பொருளை வேறு வேறு விதமாகப் போடுவது இல்லை. ஒன்று கடலில் கரைத்த பெருங்காயம், மற்றது நடக்கக்கூடிய காரியம். நெல் நாற்றின் வேரைக் கரைசலில் நனைத்து நடுவதும் இதே தத்துவம்தான். ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பிசிறி, நிழலில் உலர்த்தச் சொல்வார்கள் இல்லையா, அதில் "ஆறின", "நிழலில்" இரண்டும் சும்மா சொன்னதில்லை. ரைசோபியமும் அசோஸ்பைரில்லமும் வித்து உருவாக்காத பாக்டீரியா. சூட்டைத் தாங்காது. தகரக் கூரைக் கடையில் சித்திரை வெயிலில் கிடந்த பாக்கெட்டில் தேதி முடியாமல் இருக்கலாம், உயிர் முடிந்திருக்கும். பேசில்லஸ் வகைகள் வித்தாக மாறி இந்தக் கொடுமையைச் சகித்துக்கொள்ளும். பூஞ்சாணக்கொல்லி பூசுகிற வழக்கம் இருந்தால் அதை முதலில் செய்து, ஒரு நாள் இடைவெளி விட்டு, கடைசியாகத்தான் உயிர் உரம்.

எல்லாம் சரியாகச் செய்தும் பலன் தெரியாமல் போகலாம், அதற்கு மண்ணின் பழைய சரித்திரம் காரணம். சோயாவின் சொந்த ஊர் கிழக்கு ஆசியா. பிரேசில் மண்ணில் அதற்கேற்ற வேர்முடிச்சு பாக்டீரியா கிடையாது. அங்கே விதையோடு பாக்டீரியாவையும் கொண்டுபோனதால், இன்றைக்குப் பிரேசிலின் சோயா பெரும்பாலும் நைட்ரஜன் உரமே இல்லாமல் விளைகிறது. நிலக்கடலை கதை அப்படி இல்லை. பல வருடமாகக் கடலை, தட்டைப்பயறு, உளுந்து போட்டு வந்த செம்மண்ணில் முடிச்சு போடும் பாக்டீரியா ஏற்கெனவே ஏராளம். புதிதாகப் போடுவதற்கு அங்கே இடம் இல்லை. இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். கடலைச் செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் இருப்பதன் ஒன்றுவிட்ட உறவான லெக்ஹீமோகுளோபின் கொடுக்கும் நிறம் அது. அப்படி நிறைய இருந்தால் அடுத்த பருவத்துக்கு ரைசோபியம் வாங்குவதைவிட அந்தக் காசைத் தொழு எருவில் போடலாம். எருவின் கார்பன் உள்ளூர்க் கூட்டத்துக்குச் சாப்பாடு.

வறட்சிக்கான பாட்டிலுக்குத் திரும்புவோம். எத்திலீன் வழியில் வேலை செய்யும் ஒரு பாக்டீரியாவிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது இப்போது கொஞ்சம் தெளிவாகும். பருவம் முழுக்கப் பொய்த்தால் அது ஒன்றும் செய்யாது. கிணற்றுப் பாசனத்தில் தாகமே அறியாமல் வளர்கிற பயிரிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்கான இடம் மானாவாரி நிலம்: நடுவில் பத்துப் பதினைந்து நாள் மழை இடைவெளி விழுந்து, பிறகு மழை வருகிற பருவம். அதை வாங்கிப் போடுகிறவர் நாலு வரிசையைப் பூசாத விதையில் விதைத்து, முளைக்குச்சி அடித்து அடையாளம் வைக்க வேண்டும். கூடுமானால் வயலில் இரண்டு மூன்று இடத்தில், ஏனென்றால் ஒரே வயலில் மேடும் பள்ளமும் ஒரே மாதிரி காயாது. காய்ச்சலின்போது எல்லா வரிசையும் ஒரே மாதிரிதான் வாடி நிற்கும். அதைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. மழை பெய்து மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் போய்ப் பார்க்க வேண்டும். எந்த வரிசையில் அடி இலை மஞ்சளாகி உதிர்ந்திருக்கிறது, எதில் புதுத்தளிர் வந்திருக்கிறது, ஒரு செடியை மண்வெட்டியால் அடியோடு எடுத்தால் வெள்ளையாக இளவேர் எதில் அதிகம் என்று.